ஒட்டுப் போட மறுத்த போர்மேன்

அப்பாவின் பழைய புரோட்டோன் இஸ்வாரா காருக்குப் பெட்ரோல் டாங்கி மாற்றி, புகை போகிற எக்சோஸ் குழாயைச் சரி செய்ததைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதல் கேள்வி "மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்பதுதான். 1,080 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். "அந்தக் காரை வித்தாலே அவ்வளவு தேறுமா?" தேறலாம், தேறாமலும் போகலாம். 1996-இல் பதிவான வண்டி. கார்புரேட்டர் இன்ஜின், கையால் சுற்றி இறக்குகிற கண்ணாடி, வெயிலில் சாயம் போன கூரை. ஆனால் இந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. விற்கப் போகிறவனுக்குத்தானே விற்கிற விலை? சுங்கை சிப்புட் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைக்கும் மிச்சமிருக்கிற கித்தா (ரப்பர்) மரங்களுக்கும் நடுவில் குடியிருக்கிறவர்களுக்குக் கார் எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு, கல்யாணத்துக்கு, இழவு வீட்டுக்கு. புதுக் கார் எடுத்தால் மாதம் நானூற்றுச் சொச்சம் வெள்ளி, அதுவும் ஒன்பது வருடம். அப்பாவுக்கு 77 வயது. எந்த பேங்கும் கடன் கொடுக்காது, என் பெயரில்தான் எடுக்க வேண்டும். அந்தத் தவணையில் மூன்று மாதக் காசுகூட இல்லை இந்த 1,080 வெள்ளி.

செலவுக் கணக்கு கிடக்கட்டும். என்னைக் குடைந்துகொண்டிருப்பது வேறு. டாங்கியின் ஓட்டையை 80 வெள்ளியில் ஒட்டித் தருவதாக ஒரு பட்டறையில் சொன்னார்கள். எங்கள் போர்மேன், அதாவது வழக்கமாக வண்டி பார்க்கிற மெக்கானிக், முடியாது என்றார். அப்பா அவரோடு சண்டைக்கே போய்விட்டார். யார் பக்கம் நியாயம் என்று அன்றைக்கு எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. மனச்சாட்சியா, வியாபாரமா? பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொரு முறை பட்டறை வாசலில் நிற்கும்போதும் உள்ளுக்குள் கேட்டுக்கொள்கிற கேள்விதான். அதைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

வாடை எங்கிருந்து வந்தது

அப்பா ரப்பர் தோட்டத்தில் தண்டலாக, பால் வெட்டுகிறவர்களை மேற்பார்க்கிறவராக இருந்தவர். 55 வயதில் இபிஎப் (சேமநிதி) பணத்தை எடுத்தவர், அம்மா பக்கத்து நிலத்தில் நின்ற இரண்டு ஏக்கர் கித்தாவைச் சீர் பண்ணிக்கொண்டு, இரண்டாம் கையாக இந்த இஸ்வாரா ஏரோபேக்கையும் வாங்கினார். அது 2003. வாங்கிய நாளிலிருந்து அந்தக் கார் பாதி நேரம் லாரியாகத்தான் உழைத்தது. பின்பக்கத்தில் ஒட்டுப்பால் (உறைந்து கட்டியான ரப்பர் பால்) மூட்டை ஏறும். உர மூட்டை ஏறும். சமயத்தில் திராவகக் கேன் ஏறும். ஒட்டுப்பால் வாடையைப் பற்றி தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு எழுதத் தேவையில்லை, பிறக்காதவர்களுக்கு எழுதியும் பயனில்லை. மூட்டையிலிருந்து கசிகிற தண்ணீரில் பாலை உறைய வைக்கப் போட்ட பார்மிக் அமிலம் இருக்கும். உர மூட்டை ஓட்டையாகிச் சிந்துகிற பொட்டாஷ், பொட்டாசியம் குளோரைடு; சோற்று உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. இரண்டும் ஈரத்தோடு சேர்ந்து இரும்பில் உட்கார்ந்தால் இரும்பு என்னாகும் என்று கேட்கவே வேண்டாம். மேலே இப்படி என்றால், அடியில் செம்மண் சேறு.

இதனால் நடந்தது ஒன்று உண்டு. வண்டிக்குள் பெட்ரோல் வாடை வர ஆரம்பித்து எத்தனை காலம் ஆயிற்று என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒட்டுப்பால் வாடைக்கு அடியில் அது எப்போதோ வந்து படுத்துக்கொண்டது. வந்தால் வரட்டும் என்று கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வார் அப்பா. அதோடு, டாங்கி நிறைய எண்ணெய் (பெட்ரோல்) அடிக்கும் வழக்கமும் அவருக்கு நின்று போயிருந்தது. இருபது வெள்ளிக்கு அடிப்பார், தீர்ந்தால் மறுபடி இருபது வெள்ளி. சிக்கனம் என்று நாங்கள் நினைத்தோம். நிறைய அடித்தால் வாடை கூடுகிறது என்று அவர் கண்டுபிடித்து வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. சரியான கண்டுபிடிப்புதான். இந்த மாதிரி டாங்கி மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு தகட்டுத் தட்டுகளைக் கவிழ்த்து ஒட்டியது. நடுவில் இடுப்பைச் சுற்றி ஒரு விளிம்பு ஓடும். சேறு வந்து அடைவதும் அங்கேதான், துரு தொடங்குவதும் அங்கேதான். எண்ணெய் பாதிக்குக் கீழே இருக்கும்வரை அந்த விளிம்பிலிருக்கும் ஓட்டைக்கு வேலையில்லை.

2025 தீபாவளிக்கு கிள்ளானிலிருந்து தம்பி வந்திருந்தான். அந்த வருடம் செப்டம்பர் 30 முதல் புடி 95 என்ற மானியத் திட்டத்தில் மைகார்டு அடையாள அட்டையைச் செருகினால் ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்குக் கிடைத்தது. அப்போது மாதம் 300 லிட்டர்வரை அந்த விலை. அப்பாவுக்கு அந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்டப் பொறுமையில்லை என்று தம்பியே கூட்டிப் போய், பண்டிகைக்கு என்று டாங்கி வழிய அடித்துக் கொடுத்துவிட்டான். மறுநாள் விடியலில் போர்ச்சில் வண்டிக்கு அடியில் ஈரம். சிமெண்டில் ஒரு பெரிய கறை, அதிலிருந்து சாக்கடைப் பக்கம் ஒரு கோடு. எதிர்வீட்டுப் பிள்ளைகள் வாசலில் மத்தாப்புப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து பள்ளத்தைத் தேடும். பள்ளத்தில் சாக்கடை, சாக்கடைக்கு அந்தப் பக்கம் மத்தாப்பு. தம்பி ஓடிப்போய்ப் பிள்ளைகளை உள்ளே அனுப்பினான். அப்பா சமையலறையிலிருந்து சவுக்காரக் கட்டியை எடுத்துவந்து, படுத்துக்கொண்டு அடியில் தேய்த்தார். சவுக்காரம் பெட்ரோலில் கரையாது. லாரிக்காரர்கள் காலம் காலமாகச் செய்கிற வேலை. சொட்டு நின்றது. "பார்த்தியா, இவ்வளவுதான்" என்று எழுந்தார். அந்த வெற்றிதான் பின்னால் வந்த சண்டைக்கு விதை.

எக்சோஸ் கதை அதற்கும் பழையது. வண்டி வருகிற சத்தம் கோயில் முனையிலேயே கேட்கும். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. சத்தம் இருந்தால் இன்ஜின் தெம்பாக இருக்கிறதாம், எதிரே வருகிறவன் ஒதுங்குவானாம். அம்மா மட்டும் ஈப்போ போய் வரும்போதெல்லாம் பின் சீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு வருவார். கார் ஒத்துக்கொள்ளவில்லை என்று இஞ்சி மிட்டாய் வாங்கி வைத்திருந்தோம். தம்பி பஸ்ஸில் போகும்போது தலை வலிக்கிறதா என்று ஒருதரம் கேட்டான். இல்லையாம். பஸ் ஏறியே வருடங்கள் ஆகிவிட்டதால் அந்தப் பதிலை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பட்டறையில் நடந்தது

போர்மேன் பட்டறை டவுனுக்குள் இல்லை. ரம்புத்தான் மரத்தடியில் தகரக் கூரை, எண்ணெய் ஊறிக் கறுத்த தரை. ஐம்பது வயதைத் தாண்டியவர். போன் எடுக்க மாட்டார், சொன்ன நாளில் வண்டி தர மாட்டார், ஐந்து வெள்ளி கிளிப்புக்கும் மறக்காமல் காசு போடுவார். அவரைத் தெய்வமாக்க எனக்கு ஆசையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பார்க்கும்போது பார்ப்பார். வண்டியை ஜேக்கில் ஏற்றி, முட்டுக் கொடுத்து, அட்டையை விரித்துப் படுத்தார். "டீச்சர், நீங்களும் பாருங்க" என்று என்னையும் குனியச் சொன்னார்.

டாங்கி விளிம்பில் காய்ந்த செம்மண் திட்டு. திருப்புளி முனையால் அதைச் சுரண்டினார். மண் விழுந்தது. அதற்கு அடியில் துருவும் மண்ணைப் போலவே ஏடு ஏடாக விழுந்தது. அப்பா தேய்த்த சவுக்காரம் வெள்ளையாக ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, அவர் தேய்க்காத இடத்தில், ஈரம் பொடித்திருந்தது. டாங்கியைத் தாங்குகிற பட்டையை விரலால் தள்ளிக் காட்டினார். பட்டைக்கும் டாங்கிக்கும் இடையில் வைத்திருந்த திண்டு பஞ்சாகித் தண்ணீரைக் குடித்து உட்கார்ந்திருந்தது. "இதுதான் டீச்சர் எமன். மழை நின்னு மூணு நாள் ஆனாலும் இது காயாது." பிறகு டார்ச்சை எக்சோஸ் பக்கம் திருப்பினார். சத்தத்தை அடக்குகிற நடு மப்ளரைத் தாங்குகிற ரப்பர் வளையம் அறுந்து, அந்த இடத்தில் அப்பா வேலிக்கம்பி போட்டுக் கட்டியிருந்தார். கம்பி இழுத்த பக்கமே பைப்பு சாய்ந்து, மூட்டு வாய் பிளந்திருந்தது. பிளவுக்கு நேர் எதிரே டாங்கியின் மூலை. அங்கே உள்ளங்கை அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. எரிந்து வெளியே போக வேண்டிய சூட்டுப் புகை அத்தனை காலமும் பெட்ரோல் டாங்கி மேல் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

"பின் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவீங்களா ஐயா?" என்று அப்பாவிடம் கேட்டார். வாடைக்காக எப்போதும் இறக்கித்தான் ஓட்டுவோம் என்றார் அப்பா. ஓடுகிற காரின் முதுகுப் பக்கம் காற்றழுத்தம் குறையும். பின்னால் சுழல்கிற புகை, திறந்திருக்கிற சந்தில் எல்லாம் உள்ளே ஏறும். ஏரோபேக்கின் பின்கதவு ரப்பரும் தேய்ந்து போயிருந்தது. பெட்ரோலாவது வாடையில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். எக்சோசில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அது 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். முதல் அறிகுறி தலைவலி. அம்மாவின் தலைவலி முழுக்க அதனால்தான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் இஞ்சி மிட்டாய் டப்பா இப்போது பிள்ளைகள் தின்றுதான் காலியாகிறது.

போர்மேன் சொன்ன முடிவு: டாங்கி புதிது, பட்டை புதிது, ஹோஸ் எல்லாம் புதிது, எக்சோஸ் நடுவிலிருந்து கடைசிவரை புதிது. அப்பா கணக்குப் போட்டார். பெரிய ரோட்டில் ஒரு பட்டறையில் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார் போல. "இரும்புப் பசை போட்டு ஒட்டித் தர்றேங்கிறான், எண்பது வெள்ளி. எக்சோசுக்கு ஒரு தகடு வச்சு வெல்டு அடிச்சா இன்னொரு அம்பது. நீ என்னப்பா ஆயிரம் வெள்ளிக் கதை சொல்ற? அதையே நீ பண்ணிக் குடு."

"பண்ண மாட்டேன் ஐயா."

"காசு நான் தானே குடுக்கிறேன்?"

"காசு நீங்க குடுப்பீங்க. பின்னால உக்காந்து வர்றது அம்மா. பசை ஒட்டுறதுக்குத் தகடு வேணும். அங்க தகடே இல்ல, துருதான் இருக்கு. துருமேல பசை போட்டா பசை நிக்கும், துரு பேந்துக்கிட்டு வந்துரும்."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தண்டலாக இருந்த குரல் வந்தது. இத்தனை வருடமாக ஓடவில்லையா, ஊரில் எத்தனை வண்டி ஒட்டுப் போட்டு ஓடுகிறது, காரை விற்றாலும் இந்தக் காசு வராது என்று அடுக்கினார். போர்மேன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றார். அவருடைய அம்மா, எங்கள் அப்பா மேற்பார்த்த பிரட்டில் (வேலையாள் கூட்டத்தில்) பால் வெட்டியவர். அது எனக்குத் தெரியும், ஆனால் அவர் அதைப் பட்டறையில் பேசிக் கேட்டதில்லை. அன்று பேசினார். "மரத்துல காயம் பட்டுச்சுன்னு எங்கம்மாவை எத்தன நாள் திருப்பி அனுப்பியிருக்கீங்க? அன்னைக்கு எங்கம்மா, இந்த ஒரு நாள் விட்டுருங்கன்னு கேட்டாங்கல்ல. விட்டீங்களா?"

பால் வெட்டு தெரிந்தவர்களுக்கு இது புரியும். கத்தி பட்டையில் ஆழமாகப் போகவும் வேண்டும், உள் தோலைத் தொடவும் கூடாது. ஒரு மில்லிமீட்டர் கணக்கு. தொட்டுவிட்டால் மரம் காயத்தை மூடி முண்டு முண்டாக வளரும், அந்த இடத்தில் மறுபடி கத்தி வைக்க முடியாது. காயம் பட்ட மரம் அன்றைக்கும் பால் கொடுக்கும், மறுநாளும் கொடுக்கும். கெட்டது தெரிய வருடங்கள் ஆகும். அதனால்தான் தண்டல் என்று ஒரு ஆள், மரம் மரமாகப் பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டு போவார். அப்பா அந்த வேலையில் கறார் என்று பெயர் வாங்கியவர். எத்தனை பேரிடம் வசவு வாங்கினார் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்பா என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். "அது வேற, இது வேற" என்றார். காரை இறக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார், அன்று முழுதும் யாரோடும் பேசவில்லை. அம்மாதான் மறுநாள், "அந்தக் கார்ல இனி நான் ஏற மாட்டேன்" என்று ஒரே வரியில் முடித்தார். அப்பா சாவியை என்னிடம் நீட்டினார். கூலியில் ஐம்பது வெள்ளி குறைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மனச்சாட்சிக்கும் கூலி உண்டு

தம்பி போனில் சிரித்தான். "அவருக்கு ஒட்டுப் போட்டா எவ்வளவு, மாத்தினா எவ்வளவு? சும்மா சென்டிமென்ட் பேசி ஆயிரம் வெள்ளி பில்லு போட்டுட்டாரு." தவறான கேள்வி என்று சொல்ல முடியாது. பில்லை வைத்துப் பார்த்தேன். டாங்கி 260, பட்டையும் ஹோசும் பில்டரும் கிளிப்பும் சேர்ந்து 90, எக்சோஸ் கடைக்கு 380, அவருடைய கூலி 350. எக்சோஸ் வேலையை அவர் செய்யவே இல்லை, டவுனில் இருக்கிற சீனர் கடைக்கு அனுப்பிவிட்டார். அதில் அவருக்குக் கமிஷன் உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் குறையில்லை. அந்த 350 வெள்ளிக்கு அவர் என்ன செய்தார் என்று பக்கத்தில் நின்று பார்த்ததுதான் எனக்கு முக்கியம்.

சிக்கல் இப்படி. டாங்கியை இறக்க வேண்டுமென்றால் அதற்கு அடியில் குறுக்கே போகிற எக்சோஸ் பைப்பு முதலில் நகர வேண்டும். பைப்பின் நட்டெல்லாம் துருவில் ஒன்றாகிப் போயிருந்தன; ஸ்பேனர் வழுக்கியது. எந்தப் பட்டறையிலும் இதற்குக் கிரைண்டர், இல்லையென்றால் காஸ் நெருப்பு. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் ஒழுகுகிற டாங்கி. முதலில் பெட்ரோலைக் கைப்பம்பால் கேனுக்கு இறக்கினார். காலியாகிவிட்டதே, இனி பயமில்லைதானே என்று நான் கேட்டேன். "இப்பத்தான் டீச்சர் பயமே" என்றார். எரிவது பெட்ரோல் இல்லை, ஆவிதான். அந்த ஆவியும் காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிலிருந்து ஏழரைப் பங்குவரை கலந்திருந்தால்தான் பற்றும். நிறைந்த டாங்கிக்குள் ஆவி அதிகம், காற்று குறைவு. காலி டாங்கியில்தான் இரண்டும் சரியாகச் சேரும். காலி டாங்கிக்கு வெல்டு வைக்கப் போய் ஆள் போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

அதனால் பேட்டரி வயரைக் கழற்றினார், மரத்தடியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவரை வெளியே அனுப்பினார், ஹெக்சா பிளேடை எடுத்தார். கையால் அறுக்க ஆரம்பித்தார். படுத்துக்கொண்டு, முகத்தில் துரு கொட்ட, பிளேடு சூடாகாமல் இருக்க ஒரு பையனை விட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லி. கிரைண்டரில் கண் மூடித் திறக்கும் வேலை. அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பிளேடு உடைந்து மாற்றினார், அதற்கும் பில்லில் காசு போட்டிருக்கிறார். நான் பார்க்கவில்லை என்றால் கிரைண்டர் எடுத்திருப்பாரா? எடுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். அந்தத் தகரக் கூரைக்கு அடியில் முதலில் எரியப் போகிறவர் அவர்தானே. மனச்சாட்சியா வியாபாரமா என்று நான் பிரித்துப் பார்க்க முயன்றது அங்கேதான் பிசகியது. தன் உயிருக்குப் பயந்த மனுசன், அடுத்தவன் உயிருக்கும் அதே கணக்கைப் போட்டார். கூலியும் வாங்கினார்.

டாங்கி தேடிய கதை தனி. முதலில் ஒரு பொத்தோங் கடையில் (பழைய காரைப் பிரித்து விற்கிற கடை) பழைய டாங்கி கிடைத்தது, விலை பாதி. வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார், உள்ளே சரசரவென்று துருப்பொடி. "உங்க டாங்கிக்கு இது அண்ணன்" என்று திருப்பிக் கொடுத்தார். இன்னொன்று நல்ல நிலையில் இருந்தது, ஆனால் இன்ஜெக்‌ஷன் வண்டியுடையது. அதில் பம்ப் டாங்கிக்குள்ளேயே உட்காரும், வாய் பெரியது. நம்முடைய கார்புரேட்டர் வண்டிக்குப் பம்ப் இன்ஜின் மேல். டாங்கிக்குள் உறிஞ்சுகிற குழாயும் மீட்டருக்கான மிதவையும்தான். கடைசியில் ஈப்போவில் சொல்லிவைத்துப் புதிது வந்தது. மாட்டுவதற்கு முன் விளிம்பு முழுக்கக் கறுப்புப் பூச்சு அடித்தார். பட்டைக்கு அடியில் பஞ்சு வைக்கவில்லை. பழைய லாரி டியூபைக் கத்தரித்து, தண்ணீர் தங்காதபடி வைத்தார். இதற்குக் காசு போடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

எக்சோஸ் கடை தௌக்கே (முதலாளி) அப்பாவைவிட ஒன்றிரண்டு வயதுதான் இளையவர். கழற்றிய பழைய மப்ளரைச் சாய்த்துக் காட்டினார், ஒரு குவளை தண்ணீர் துருவோடு கொட்டியது. மழைத் தண்ணீர் இல்லையாம். பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் வரும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. தூரப் பயணம் என்றால் மப்ளர் கொதித்து ஆவியாகப் போய்விடும். வீட்டிலிருந்து டவுன், டவுனிலிருந்து வீடு என்று ஓடுகிற வண்டியில் மப்ளர் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும், தண்ணீர் உள்ளேயே கிடந்து உள்ளிருந்து அரிக்கும். "மாசம் ரெண்டு வாட்டி ஈப்போ போ, பெரிய ரோட்டுல நல்லா ஓட்டு, மப்ளர் ரொம்ப நாள் நிக்கும்" என்று மலாயில் சொன்னார். அம்மாவின் ஆஸ்பத்திரித் தேதிகளைத் தவிர ஈப்போவுக்கு வேறு வேலை இல்லாத எங்களுக்கு மப்ளருக்காகவும் போக வேண்டியதாயிற்று.

யாருமே குனிந்து பார்ப்பதில்லை

லாரி, பஸ் எல்லாம் ஆறு மாதத்துக்கு ஒருதரம் புஸ்பாகோம் மாதிரியான வாகனப் பரிசோதனை நிலையத்துக்குப் போய் வர வேண்டும். சொந்தக் காருக்கு அப்படியில்லை, கைமாறும்போதுதான் பரிசோதனை. அப்பா வாங்கியதற்குப் பிறகு இந்தக் கார் கைமாறவில்லை. வருடா வருடம் இன்சூரன்ஸ் எடுக்கிறோம், ரோட் டேக்ஸ் கட்டுகிறோம், ஒரு ஆளும் அடியில் எட்டிப் பார்த்ததில்லை. 2009-இல், 15 வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை வைக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. நாடு முழுக்கக் கூச்சல் எழுந்து கைவிட்டது. அப்பாவும் கோப்பிக்கடையில் கொதித்தார். பழைய கார் வைத்திருப்பவன் எல்லாம் ஏழை, ஏழை வயிற்றில் அடிக்கிறார்கள் என்றார். அன்றைக்கு எனக்கும் அது சரியாகப் பட்டது. இப்போதும் பாதி சரிதான் என்பேன். ஆனால் பரிசோதனை வேண்டாம் என்று நாம் ஜெயித்ததில், அந்த வேலை முழுக்க ரம்புத்தான் மரத்தடிக்கு வந்து சேர்ந்தது. பெரிய ரோட்டுப் பட்டறைக்காரன் 80 வெள்ளிக்கு ஒட்டுப் போட்டு அனுப்பியிருந்தால் அவனை ஒருவரும் கேட்கப் போவதில்லை. எங்கள் போர்மேன் மறுத்ததற்கும் ஒருவரும் மாலை போடவில்லை. ஒரு வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

தம்பி இப்போது 2026 பட்ஜெட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். 20 வருடத்துக்கு மேலான காரை ஒழித்துக்கட்டிவிட்டு உள்நாட்டுக் கார்களான புரோட்டோனோ பெரோடுவாவோ வாங்கினால் 4,000 வெள்ளிவரை உதவி என்று அதில் அறிவித்தார்கள். வாங்கலாம். யோசிக்காமல் இல்லை. ஆனால் அந்த 4,000 புதுக் காருக்கு முன்பணம் ஆகுமே தவிர மாதத் தவணையைக் கட்டாது. அப்பா ஓட்டுகிறவரைக்கும் இது ஓடட்டும் என்பது என் கட்சி. ஒரே ஒரு நிபந்தனை, அடியில் படுத்துப் பார்க்கிற ஆள் சொல்வதை வாதாடாமல் கேட்க வேண்டும். வாதாடாமல் என்பது அப்பாவிடம் நடக்காது, அது வேறு விஷயம்.

சத்தம் போனதில் அவருக்கு வருத்தம்தான். முன்னே போகிற மோட்டார்சைக்கிள்காரன் இப்போது ஒதுங்குவதில்லையாம், தௌக்கேயிடம் கொஞ்சம் சத்தம் கூட்டித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். தௌக்கே சிரித்தாராம். ஒட்டுப்பால் மூட்டைக்கு அடியில் விரிக்க ஒரு ரப்பர் தட்டு வாங்கி வந்தேன். அதை அவர் கோழிக்கூண்டுக்குக் கீழே போட்டிருக்கிறார். போர்மேன் வண்டியை இறக்குவதற்கு முன் பிரேக் பைப்பையும் தடவிப் பார்த்துவிட்டு, அதே சேறு அங்கேயும் வேலையைத் தொடங்கியிருக்கிறது, தைப்பூசத்துக்கு முன்னால் கொண்டுவாங்க டீச்சர் என்றார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தம்பியிடம் சொல்லிவிட்டேன், டாங்கி வழிய அடித்தவன், பிரேக்குக்கும் அவனே கொடுக்கட்டும்.